பிளெண்டரின் பிரின்சிபிள்டு ஷேடர்: கன்னத்தின் ஓரத்தில் ஒரு சோதனை

பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் மனித உருவங்களை ரெண்டர் செய்கிறவர்கள், அதாவது கணினியில் படமாக ஆக்குகிறவர்கள், எந்த வழியாகச் சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்பது பிரின்சிபிள்டு பி.எஸ்.டி.எஃப். என்ற அந்த நீளமான பெட்டியின் முன்னால்தான். ஒரு பொருளின் மேல் ஒளி பட்டால் எப்படித் தெரியும் என்று கணக்குப் போடுகிற ஷேடர் அது. தோல், பட்டு, தங்கம், கண், உதடு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். 2023 நவம்பரில் வந்த 4.0 பதிப்பில் அதை முழுசாகக் கழற்றி மறுபடி பூட்டினார்கள். நான் இப்போது வேலை பார்ப்பது அதற்குப் பிறகு வந்த 4.2 எல்.டி.எஸ். (நீண்ட கால ஆதரவு உள்ள) பதிப்பில். நகைக்கடை, புடவைக்கடை விளம்பரங்களுக்கு டிஜிட்டல் பெண் உருவங்கள் செய்து கொடுப்பது என் பிழைப்பு. அதனால் கார், கட்டடம், காபிக் கோப்பை என்று ரெண்டர் செய்கிறவர்களுக்கு இந்த மதிப்புரை அவ்வளவாகப் பயன்படாது. ஒரு முகத்தை நேராகப் பார்க்கும்போதும் பக்கவாட்டில் பார்க்கும்போதும் அதன் மேல் தெரிகிற ஒளி மாறுகிறதே, அந்த மாற்றத்தை இந்த ஷேடர் எவ்வளவு நேர்மையாகச் செய்கிறது என்பதை மட்டும்தான் பார்க்கப் போகிறேன்.

விலையை முதலில் சொல்லிவிடலாம். ஒரு பைசா கிடையாது. பிளெண்டரின் மூல நிரல்கூட யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற பிளெண்டர் அறக்கட்டளைதான் இதன் பின்னால் நிற்கிறது. ஓசியில் கிடைப்பதைக் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகச் சொல்லலாம். இதை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன். கன்னம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கிற கடைக்காரரிடம் சாஃப்ட்வேர் இலவசம் என்று பதில் சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கோயில் குளத்தின் படியில் நின்று காலடியில் பார்த்தால் தண்ணீருக்குள் இருக்கிற அடுத்த படியும் மீனும் தெரியும். அங்கேயே நின்று எதிர்க்கரைப் பக்கம் பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. கோபுரம் தலைகீழாகத் தெரியும். தண்ணீர் அதேதான். நம் பார்வை அதன் மேல் விழுகிற சாய்வுதான் வேறு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே பிரான்சில் ஃபிரெனெல் என்பவர் இதற்குச் சமன்பாடு எழுதி வைத்துவிட்டார். தோலுக்கும் அதே சமன்பாடுதான். தோலின் ஒளிவிலகல் எண்ணை 1.4 என்று வைத்துக் கணக்குப் போட்டால், நேராக விழும் ஒளியில் மேற்பரப்பிலேயே திரும்பி வருவது 2.8%. மிச்சம் உள்ளே போய், சதைக்குள் அலைந்து, தோலின் நிறத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. 45 டிகிரி சாய்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, 3.7%. 60 டிகிரியில் 7%. அதற்கு மேல்தான் கிடுகிடுவென ஏறுகிறது: 80 டிகிரியில் 37%, 90ஐத் தொடும்போது 100%.

இந்த எண்களைப் பார்த்தவுடன், அப்படியென்றால் முகத்தின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பளபளக்க வேண்டுமே என்று தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். உருவத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு போட்டதுபோல் இருக்கிற ரெண்டர்களை எத்தனையோ பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதலாவது அகலம். கன்னத்தை ஓர் உருளை என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை 500 பிக்சல் என்றால், 60 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும் பகுதி கடைசி 67 பிக்சலுக்குள் அடங்கிவிடும். 80 டிகிரிக்கு மேல் உள்ளது ஏழெட்டு பிக்சல்தான். மூக்கின் நீளத்துக்குப் பட்டையாக ஒரு வெளிச்சம் ஓடுகிறது என்றால் அது ஃபிரெனெல் செய்த வேலை இல்லை. யாரோ கையால் ஏற்றிவிட்டது.

இரண்டாவது தப்பு இன்னும் ஆழமானது, பிரின்சிபிள்டு ஷேடர் தன் தகுதியைக் காட்டுவதும் அங்கேதான். கேமரா எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பது மட்டும் போதாது, விளக்கு எங்கே இருக்கிறது என்பதும் வேண்டும். இந்த ஷேடர் தோலை வழவழப்பான ஒரே தகடாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் கண்ணாடிகள் பல திசைகளில் சாய்ந்து கிடப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஜி.ஜி.எக்ஸ். என்று பெயர், 2007இல் வெளிவந்த ஒரு கட்டுரையிலிருந்து இந்தப் பெயரில் புழங்குகிறது. விளக்கின் ஒளியை நம் கேமராவுக்குத் திருப்பிவிடுவது, இரண்டுக்கும் சரி நடுவே முகம் திருப்பியிருக்கும் கண்ணாடிகள் மட்டுமே. ஆகவே ஃபிரெனெல் கணக்குக்குப் போகிற கோணம், கேமராவுக்கும் விளக்குக்கும் இடையே உள்ள கோணத்தில் பாதி.

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விளக்கைக் கேமராவுக்கு ஒட்டி வைத்தால் அந்தக் கோணம் கிட்டத்தட்டப் பூஜ்யம். கன்னத்தின் நடுவானாலும் ஓரமானாலும் அந்த விளக்குக்கு 2.8%தான். விளக்கைப் பக்கவாட்டில் 90 டிகிரிக்குக் கொண்டுபோனால் பாதி 45, அப்போதும் 3.7%தான். அதையே உருவத்துக்குப் பின்னால் தள்ளி 160 டிகிரியில் வைத்துப் பாருங்கள், பாதி 80, சட்டென்று 37%. அதே தோல், அதே செட்டிங், அதே விளக்கு. கன்னத்தின் ஓரம் பற்றிக்கொள்வது விளக்கு பின்னால் போனதால்தான். போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் பின்னால் ஒரு விளக்கு வைத்து முடியையும் தோளையும் பிரித்துக் காட்டுவதன் சூட்சுமமும் இதுவே.

பழைய பிளெண்டர் பாடங்களில் இந்தக் கணக்கு கிடையாது. பிரின்சிபிள்டு ஷேடர் வந்தது 2017 செப்டம்பரில், 2.79 பதிப்போடு. டிஸ்னி ஸ்டுடியோவில் பிரென்ட் பர்லி 2012இல் வெளியிட்ட முறையை அடிப்படையாகக் கொண்டது. இந்த ஷேடர் வருவதற்கு முன்னால் ஒரு டிஃப்யூஸ் (எல்லாப் பக்கமும் சிதறுகிற ஒளி), ஒரு கிளாஸி (பளபளப்பு) இரண்டையும் எடுத்து, நடுவில் ஃபிரெனெல் நோடை, அதாவது அந்தக் கணக்குப் பெட்டியை, வைத்துக் கலப்போம். அந்த நோடுக்கு விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, ரஃப்னஸும் (சொரசொரப்பு) தெரியாது. மேற்பரப்புக்கும் பார்வைக்கும் உள்ள கோணத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓரமெல்லாம் கிளாஸியை வாரி இறைக்கும். கண்ணாடிக்கு ஓகே. 0.5 ரஃப்னஸ் உள்ள தோலுக்கு அது பவுடர் பூசிய பிளாஸ்டிக். அந்தப் பாடங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பிரின்சிபிள்டு ஷேடருக்கு மேலேயே அந்த ஃபிரெனெல் நோடைக் கொண்டுவந்து செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே ஏற்கெனவே நடக்கிற கணக்கை வெளியே இன்னொரு தடவை போட்டால் ஓரம் வெளுக்காமல் என்ன செய்யும்?

இதைச் சோதிக்க நான் செய்வது எளிது. உருவத்தையும் விளக்கையும் அசைக்காமல் கேமராவை மட்டும் முன்னாலிருந்து பக்கவாட்டுக்கு வட்டமாக நகர்த்துவேன். டிஃப்யூஸ் ஒளி பார்க்கும் இடத்தைப் பொறுத்து மாறாது என்பதால், பிரேமுக்குப் பிரேம் மாறுகிறது எதுவோ அதெல்லாம் மேற்பரப்பு எதிரொளிப்பு. கிளாஸி பாஸை, அதாவது பளபளப்பு மட்டும் உள்ள படத்தை, தனியாக எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. நெற்றியில் இருக்கிற பளபளப்பு கேமராவோடு கூடவே நழுவிக்கொண்டு வரும், புருவத்தைத் தாண்டி நெற்றிப்பொட்டுப் பக்கம் வந்ததும் நீண்டு மெலியும், தாடை ஓரத்தில் கோடாகிவிடும். நெற்றி நடுவில் அகலமாக இருந்த ஹைலைட் ஓரத்தில் இழுத்துவிட்டதுபோல் நீளுகிறதா என்பதை நான் குறிப்பாகப் பார்ப்பேன்; நிஜத் தோலில் அது நடக்கும், இந்த ஷேடரிலும் நடக்கிறது. உருவத்தைத் திருப்பி இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. உருவம் திரும்பினால் எல்லாமே மாறும், எது எதனால் மாறியது என்று பிரிக்க முடியாது.

இப்போது எங்கள் தொழிலின் தலைவலி: வெள்ளைப் பின்னணி. நகைக்கடைக்காரர்களுக்குப் பளிச்சென்று வெள்ளை வேண்டும். கன்னத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு போகிற பார்வைக்கோடு அங்கே பட்டுத் திரும்பி நேராகப் பின்னணிக்குத்தான் போகிறது. அதாவது ஓரத்தில் நாம் பார்ப்பது பின்னணியின் பிரதிபலிப்பு. பின்னணி வெள்ளை என்றால் ஓரம் வெளுக்கும். கறுப்பு என்றால் ஓரம் இருளும், ஷேடரில் ஃபிரெனெல் வேலை செய்யவில்லை என்று ஆட்கள் புலம்புவார்கள். பிரதிபலிக்க அங்கே ஏதாவது இருந்தால்தானே. இதற்காக நான் ரஃப்னஸைத் தொடவே மாட்டேன். உருவத்துக்கு இரண்டு பக்கமும் சற்றுப் பின்னால் இரண்டு கறுப்புத் தகடுகளை நிறுத்தி, ஆப்ஜெக்ட் பிராப்பர்ட்டியில் ரே விசிபிலிட்டிக்குப் போய் கேமரா டிக்கை எடுத்துவிடுவேன். படத்தில் தகடு தெரியாது. கன்னத்தின் ஓரத்துக்கு மட்டும் தெரியும். ஓரம் அமைதியாகிவிடும். 4.0இல் லைட் லிங்க்கிங் வேறு வந்துவிட்டதால், பின்விளக்கு கூந்தலுக்கு மட்டும் பட வேண்டும், கழுத்துக்கு வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிடலாம். நிஜ ஸ்டுடியோவில் இவ்வளவு சுலபமாக முடியாத காரியம்.

அடுத்தது நிறம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வெளுத்த தோலானாலும் கறுத்த தோலானாலும் மேற்பரப்பில் திரும்புகிற அந்த 2.8% ஒன்றுதான். நிறத்தைத் தருகிற மெலனின் உள்ளே இருக்கிறது, மேலே தெறித்துப் போகிற ஒளி அதைத் தொடுவதே இல்லை. எனவே ஹைலைட்டின் நிறம் விளக்கின் நிறம். கறுத்த தோலிலும் அது பழுப்பாக இருக்காது. ஆனால் உள்ளே போய்த் திரும்புகிற ஒளி கறுத்த தோலில் குறைவு. வெளுத்த கன்னத்தில் அந்த 2.8% கூட்டத்தோடு கரைந்துவிடும். மாநிறத்திலும் கறுப்பிலும் அது தனியாக எழுந்து நிற்கும். ஓரத்துக்கு வந்து 37% ஆகும்போது தோலின் சொந்த நிறத்தையே மூடிவிடும். நம் ஊர் முகங்களுக்கு, கோணத்தைப் பொறுத்து மாறுகிற இந்த ஒளிதான் முகத்தின் வடிவத்தையே சொல்கிறது: கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, மேலுதட்டின் பள்ளம் எல்லாம் அதில்தான் தெரியும். அதைக் குறைத்தால் முகம் தட்டையாகிவிடும்.

ஷேடர் இதைத் தானாகவே சரியாகச் செய்கிறது. கெடுப்பது நாம்தான். கறுப்புத் தோல் ரொம்ப மினுக்குகிறது என்று ஸ்பெகுலரை (மேற்பரப்பு எதிரொளிப்பை) குறைக்கச் சொல்கிற வாடிக்கையாளர் எனக்கு அடிக்கடி வாய்க்கிறார். அப்போது ஐ.ஓ.ஆர். லெவலைத் தொடாதீர்கள் (ஐ.ஓ.ஆர். என்பது ஒளிவிலகல் எண்). பழைய பதிப்புகளில் ஸ்பெகுலர் என்ற பெயரில் 0 முதல் 1 வரை ஒரு ஸ்லைடர் இருந்தது, 0.5 என்றால் 4% என்று அர்த்தம். இப்போது ஐ.ஓ.ஆர். எண்ணையே நேரடியாகப் போடலாம். புது மெட்டீரியலில் 1.5 என்று நிற்கும், தோலுக்கு 1.4 ஆக்கிவிடுங்கள். ஐ.ஓ.ஆர். லெவல் 0.5லேயே இருக்கட்டும். மினுக்கம் குறைய வேண்டுமென்றால் விளக்கைப் பெரிதாக்குங்கள், அல்லது ரஃப்னஸை ஏற்றுங்கள். திரும்புகிற ஒளியின் மொத்தம் மாறாமல் பரவிவிடும், முகத்தின் வடிவமும் பிழைக்கும்.

சென்ற வருடம் இணையத்தில் ஒரு கடையில் தென்னிந்தியத் தோல் என்று போட்டிருந்த டெக்ஸ்ச்சர் தொகுப்பு (உருவத்தின் மேல் போர்த்துகிற தோல் படங்கள்) ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். விளம்பரப் படங்கள் எல்லாமே நேர்முகம், பிரமாதமாக இருந்தன. கேமராவைச் சுற்றிக் கொண்டுபோனதும் சாயம் வெளுத்துவிட்டது: நெற்றியிலும் மூக்கு நுனியிலும் இருந்த பளபளப்பு நகரவே இல்லை. போட்டோ எடுத்தபோது விழுந்த ஹைலைட்டை அப்படியே நிறப் படத்துக்குள் விட்டுவைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது மூக்கில் ஒரு வெள்ளைத் தேமல், அதற்கு அடுத்து ஷேடர் உண்டாக்குகிற நிஜ ஹைலைட். முறையாகச் செய்கிறவர்கள் விளக்குக்கும் லென்ஸுக்கும் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போலரைசர் போட்டு எடுப்பார்கள். மேற்பரப்பில் தெறிக்கிற ஒளி வடிகட்டப்பட்டு, உள்ளே போய் வந்த நிறம் மட்டும் பதிவாகும். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஆராய்ச்சியாளர் பால் டெபவெக் குழுவினர் லைட் ஸ்டேஜ் என்ற விளக்குக் கோளத்தில் முகங்களைப் பதிவு செய்ததும் ஒளியை இப்படிப் பிரித்தெடுக்கும் உத்தியோடுதான். பணம் திரும்பி வரவில்லை, அது போகட்டும். தோல் தொகுப்பு வாங்குகிறவர்கள் ஒரே விளக்கில் கேமரா சுற்றி வருகிற ஒரு சின்ன வீடியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.

சப்சர்ஃபேஸ் பகுதியைப் பற்றி, அதாவது தோலுக்குள் போய் அலைகிற ஒளியைப் பற்றி, நீட்டப் போவதில்லை, அது தனிக் கட்டுரைக்கான சரக்கு. ஒன்று மட்டும்: ரேண்டம் வாக் முறையில் ஸ்கின் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில்தான் சப்சர்ஃபேஸுக்கென்று தனி ஐ.ஓ.ஆர். இருக்கிறது, அதன் மதிப்பும் 1.4லேயே நிற்கும். காது மடலும் மூக்கு ஓரமும் இதில் மெழுகாகக் கரையாமல் விவரத்தோடு நிற்கின்றன.

எண்ணெய்க்கு வருகிறேன். நம் முகங்களில் எண்ணெய்ப் பசை இல்லாத இடம் குறைவு. தோலின் எதிரொளிப்பை அளந்து பார்த்தவர்கள் அதை இரண்டு அடுக்காகத்தான் வைப்பார்கள், பரவலான ஒன்றும் அதற்குள் கூர்மையான ஒன்றும். பிரின்சிபிள்டு ஷேடரில் அடிப்படை எதிரொளிப்பு ஒரே அடுக்கு. இரண்டாவதற்கு நான் கோட் (மேல்பூச்சு) பகுதியைப் பயன்படுத்துகிறேன். அடிப்படை ரஃப்னஸ் கன்னத்தில் 0.5, நெற்றியிலும் மூக்கிலும் 0.4, அதன் மேல் கோட் வெயிட் 0.1 அளவில், நெற்றி, மூக்கு, மோவாயில் மட்டும். கோட் ரஃப்னஸை மறக்காமல் 0.25 வரை ஏற்ற வேண்டும். அது முதலில் நிற்பது 0.03இல், அப்படியே விட்டால் இப்போதுதான் முகம் கழுவி எழுந்தது மாதிரி சொட்டும். உதட்டுச் சாயத்துக்கும் கண் ஓரத்து ஈரத்துக்கும் அந்த 0.03 அருமையாகப் பொருந்தும். திருநீறும் குங்குமமும் நேர் எதிர். ரஃப்னஸ் 1, ஐ.ஓ.ஆர். லெவல் 0. தூளுக்குப் போய் ஓரத்தில் பளபளப்பு வந்தால் ஸ்டிக்கர் பொட்டு ஆகிவிடும்.

கன்னத்திலும் மேல்கையிலும் இருக்கிற பூனைமுடிக்கு ஷீன். பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது தோலின் ஓரத்தில் ஒரு மெல்லிய மங்கல் தெரியுமே, அது. 4.0க்கு முன்னால் ஷீன் என்பது இருக்கிற ஒளியின் மேல் சும்மா கூட்டிவிடுகிற சங்கதி; கொஞ்சம் அதிகமானால் உருவம் தானாக ஒளிர ஆரம்பிக்கும். புதியதில் மேலே ஷீன் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் அடியில் உள்ளதற்குக் கிடைக்கிறது. நுண்ணிழைகளுக்கென்றே செய்த மாதிரி என்பதால் மென்மையாகவும் இருக்கிறது. வெயிட் 0.05க்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. முகம் பிரேமை நிறைக்கிற குளோஸப்புக்கு மட்டும் நிஜமாகவே முடி முளைக்க வைக்கிறேன். அதற்கு வேறு ஷேடர்.

குறைகளில் முதலாவது துளைகள். தோலின் நுண்துளைகளைப் பம்ப் மேப்பால் காட்டினால் நேரில் பிரமாதமாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக, பம்ப் என்பது மேடு பள்ளம் இருப்பதாகச் சொல்கிற பொய்தானே, பொய் வெளிப்பட்டுவிடும். நிஜத்தில் சாய்வாகப் பார்க்கும்போது ஒரு மேடு அடுத்த பள்ளத்தை மறைக்கும். பம்பில் மறைப்பு கிடையாது; ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியாக ஒளியைப் பிடித்துத் தாடை ஓரத்தில் பொறிப் பொறியாகத் தெறிக்கும். இது ஷேடரின் குற்றமும் இல்லை. அரை உருவத்துக்கு பம்ப் அளவைக் குறைத்து அந்த இழப்புக்கு ரஃப்னஸைக் கொஞ்சம் ஏற்றுவேன், குளோஸப்புக்கு மேற்பரப்பையே நிஜமாக மேடு பள்ளமாக்குகிற டிஸ்ப்ளேஸ்மென்ட். மெமரி தின்னும், வேறு வழியில்லை.

இன்னொன்று ஈவி. பிளெண்டரில் படத்தை உருவாக்க இரண்டு எஞ்சின்கள் உண்டு, வேகமான ஈவியும் நிதானமான சைக்கிள்ஸும். சைக்கிள்ஸில் பார்த்துப் பார்த்துச் செய்த தோலை ஈவியில் திறந்தால் ஓரங்கள் வேறு மாதிரி இருக்கும். ஈவியின் ரேட்ரேசிங் திரையில் ஏற்கெனவே தெரிவதைத்தான் பிரதிபலிக்கும், மற்றதற்கு உத்தேசம்தான். நான் பின்னால் ஒளித்து வைக்கிற கறுப்புத் தகடுகள் அங்கே செல்லாது. பார்க்கிறதற்கு ஈவி, கொடுக்கிறதற்கு சைக்கிள்ஸ். 3.x பதிப்பில் செய்த பழைய கோப்புகளை அப்படியே 4.2இல் திறந்து ரெண்டருக்குப் போட்டுவிடாதீர்கள். சப்சர்ஃபேஸ் கலர் என்ற இணைப்பே இப்போது இல்லை, ஷீனின் மதிப்புகளும் வேறு. ஒரு தடவை முகத்தைச் சுற்றிப் பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போங்கள்.

தங்கம் சுலபம். மெட்டாலிக் 1, நிறம் பேஸ் கலரில். நேராகப் பார்க்கும் இடத்தில் மஞ்சள், ஓரத்துக்குப் போனால் தானாகவே வெண்மை. ஜிமிக்கியின் குடையில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம்: நடு வயிறு மஞ்சள், விளிம்பு வளையும் இடத்தில் வெளுப்பு. 4.0இலிருந்து, ஸ்பெகுலர் டின்ட் உலோகங்களுக்கு அந்த ஓரத்து நிறத்தைக் கட்டுப்படுத்துகிறது. வெள்ளையிலிருந்து லேசாகச் செம்மைக்கு நகர்த்தினால் ஆன்டிக் நகைக்கு அம்சமாக அமைகிறது. வைர மூக்குத்திக்கு ஐ.ஓ.ஆர். 2.417. நேராகப் பார்த்தாலே 17% மேற்பரப்பில் திரும்பிவிடும், தோலைப் போல ஆறு மடங்கு. முகம் லேசாகத் திரும்பும்போது மூக்குத்தி வெட்டி மின்னுவதற்கு நான் எதையும் கூட்ட வேண்டியிருப்பதில்லை.

பட்டில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

மயில்கழுத்துப் பட்டு எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், நீலமும் பச்சையும். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம் எழும்புகிறது, இன்னொரு பக்கம் சாய்த்தால் பச்சை. பிரின்சிபிள்டு ஷேடருக்கு ஒரு பேஸ் கலர்தான் தெரியும். லேயர் வெயிட் நோடின் ஃபேசிங்கை வைத்து, நேராகப் பார்த்தால் நீலம், சாய்வாகப் பார்த்தால் பச்சை என்று கலக்கிவிடலாம் என்பார்கள். செய்து பாருங்கள், கொசுவத்தில் பல்லிளிக்கும். ஒவ்வொரு மடிப்பின் நடுவும் நீலம், இரண்டு ஓரமும் பச்சை என்று கோலிக்குண்டு வரிசை மாதிரி சீராக நிற்கும். நிஜப் புடவையில் எவ்வளவு சாய்வு என்பதோடு எந்தப் பக்கம் சாய்வு என்பதும் கணக்கு. நூல் ஒரு நீண்ட உருளை. தன் நீளத்துக்குக் குறுக்காகத்தான் ஒளியை விசிறிவிடும். பாவு நூல் ஒரு திசை, ஊடை அதற்குச் செங்குத்து. அதனால் மடிப்பின் இடது சரிவில் ஒரு நிறமும் வலது சரிவில் இன்னொன்றும் வரலாம்; கொசுவத்தில் பச்சையாகத் தெரிகிற அதே துணி முந்தானையாகத் தோளில் திரும்பி விழும் இடத்தில் நீலமாகிவிடும்.

நான் செய்வது இது: இரண்டு பிரின்சிபிள்டு ஷேடர்கள். ஒன்றுக்கு நீலம், இன்னொன்றுக்குப் பச்சை. இரண்டிலும் அனைசோட்ரோபிக் (ஹைலைட்டை ஒரு திசையில் நீட்டுவது) 0.8 அளவில், ஒன்றின் சுழற்சி மற்றதற்கு 90 டிகிரி தள்ளி, அதாவது 0.25. திசையைச் சொல்கிற டேன்ஜன்ட் நோடை யூ.வி.யில் (துணியைத் தட்டையாக விரித்த வரைபடத்தில்) வைத்து இரண்டுக்கும் கொடுத்து, பாதிப் பாதியாகக் கலப்பேன். சாதாரணமாக உலோகமல்லாத பொருளின் ஹைலைட் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பதால் ஸ்பெகுலர் டின்ட்டுக்கும் அந்தந்த நூலின் நிறம். சைக்கிள்ஸில் மட்டும்தான் நடக்கும், ஈவிக்கு அனைசோட்ரோபி கிடையாது. இதற்கு முன்னால் புடவையின் யூ.வி.யை நூல் ஓட்டத்தின்படி நேராக விரித்திருக்க வேண்டும். கொசுவம் வைத்த பிறகு விரிக்கலாம் என்று நினைத்தால் தொலைந்தது, தட்டையான துணியாக இருக்கும்போதே விரித்துவிட்டுப் பிறகு மடிக்க வேண்டும். ஜரிகைக் கரைக்கு மூன்றாவதாக மெட்டாலிக் ஷேடர் ஒன்று.

இவ்வளவும் செய்து கேமராவைச் சுற்றினால் முக்கால்வாசி மயில்கழுத்து வந்துவிடுகிறது. மிச்சக் கால்வாசிக்கு நூல் நூலாக நெசவையே மாடல் செய்ய வேண்டும், தோள் மடிப்பு குளோஸப்புக்கு மட்டும் அதையும் செய்திருக்கிறேன். தோலுக்கு இந்த ஷேடரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பட்டுக்கு ஆர்டர் வந்தால் என்ன நிறம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். மயில்கழுத்து என்றால் ரேட் தனி.